வாரண்டி முடிந்த காரின் உள்பக்கம் கெட்டால்: எஸ்டிமேட்டுக்குச் சரி சொல்லும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டில் இருப்பது 2014 மாடல் ஹேட்ச்பேக். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை நேரத்தில், பின்கதவுக் கண்ணாடி பாதி இறங்கியபடியே கதவுக்குள் சரிந்து விழுந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் போட்டார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் அசம்பிளி மோட்டாரோடு, லேபர், வரி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். மாதக் கடைசி. கண்ணாடி இருந்த இடத்தில் பாலித்தீன் உறையை ஒட்டிக்கொண்டு, சென்னையில் பழைய உதிரி பாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு மெக்கானிக் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளேயிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கண்ணாடியை ரெயிலோடு பிடித்து வைக்கும் கிளிப் அது, நடுவில் பிளந்திருந்தது. மோட்டார் நன்றாகவே ஓடியது. கிளிப்புக்கும் கூலிக்கும் சேர்த்து 850 ரூபாய் வாங்கினார். அந்தக் கண்ணாடி இன்றுவரை ஒழுங்காக ஏறி இறங்குகிறது.

சர்வீஸ் சென்டர் ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த பட்டியலில் அந்தக் கிளிப் தனியாக இல்லை, முழு அசம்பிளிதான் இருந்தது. எதை மாற்றப் போகிறார்கள் என்பதை எஸ்டிமேட் சொல்லும். எது உடைந்தது என்பதைச் சொல்லாது. பழைய கார் வைத்திருப்பவர் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் முறையாகப் பத்து வருடப் பழைய காரை வாங்கியவர்களும், வாரண்டி முடிந்து முதல் பெரிய எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவர்களும் மனதில் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எது அவசரம் என்று பிரியுங்கள்

காருக்குள் கெடும் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யக் கிளம்பினால் பணம் தாங்காது. நான் வைத்திருக்கும் வரிசை இது: உயிர் சம்பந்தப்பட்டது, தண்ணீர் சம்பந்தப்பட்டது, வேலை செய்யாதது, கடைசியாகப் பார்க்க நன்றாக இல்லாதது. கண்ணை உறுத்துவது எப்போதும் கடைசி வகைதான், அதனால் பலரும் அங்கேதான் முதலில் செலவு செய்கிறார்கள். கூரைத்துணி தொங்குகிறது என்று அதை மாற்றிவிட்டு, மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே ஆறு மாதம் ஓட்டிய நண்பர் ஒருவர் இருக்கிறார்.

ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால், விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று அர்த்தம். கூடவே ஹாரனும் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்களும் வேலை செய்யவில்லை என்றால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருள் நாடா போல இருக்கும் கிளாக் ஸ்பிரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். சிலர் இதை ஸ்பைரல் கேபிள் என்பார்கள். இந்த வேலையை பேட்டரியைக் கழற்றி, சிறிது நேரம் காத்திருந்து, தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். இழுத்தால் திரும்பிச் சுருளாத சீட் பெல்ட், பூட்டாமல் ஆடும் சீட் ரெயில், உள்ளிருந்து திறக்காத கதவு இவையும் இந்த வகைதான். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஏர்பேக்கையோ சீட் பெல்ட்டையோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

தண்ணீரை விட்டுவைத்தால் மற்றதெல்லாம் கெடும்

உள்பக்கக் கோளாறுகளில் நான் அதிகம் பயப்படுவது தரையில் தேங்கும் தண்ணீருக்குத்தான். மேலே கார்பெட் காய்ந்தது போல இருக்கும். அதன் அடியில் இருக்கும் தடித்த ஃபோம் பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சி வாரக்கணக்கில் வைத்திருக்கும். அந்த ஃபோமுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும்தான் பல கார்களில் வயரிங்கும் கனெக்டர்களும் ஓடுகின்றன. முதலில் ஊறிய துணி நாற்றம் வரும், அப்புறம் கண்ணாடியில் ஆவி படியும், அதற்கப்புறம் சம்பந்தமே இல்லாமல் சென்ட்ரல் லாக்கும் விளக்குகளும் கோளாறு செய்யும். அந்த நிலையில் எலக்ட்ரிக்கல் வேலைக்கு எஸ்டிமேட் போட்டால், அது தண்ணீரைச் சரிசெய்யும் செலவைப் போலப் பல மடங்கு வரும்.

வாரம் ஒருமுறை நான்கு கால்மிதிகளையும் தூக்கி, கார்பெட்டை முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்கம் இடதுபுறம், கால் வைக்கும் இடத்தில், வெயில் காலத்தில்கூட ஈரம் என்றால் ஏசி டிரெயின் குழாயைச் சந்தேகப்படுங்கள். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர், குழாய் அழுக்கால் அடைபட்டால் உள்ளே திரும்பும். பத்து நிமிடம் ஏசி போட்டு நிறுத்திவைத்த வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் இல்லை என்றால் இதுதான் காரணம். ஏசி மெக்கானிக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிடுவார். சின்ன வேலைதான்.

மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் என்றால் பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் மூடியின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். வேப்ப மரம், புங்க மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அங்கே இலையும் பூவும் மக்கிக் கிடந்து நீர் போகும் வழியை அடைத்திருக்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்களும் இப்படி அடைபடும். கதவோரத்தில் மட்டும் ஈரம் என்றால், டோர் பேடுக்குப் பின்னால் கதவு முழுக்க ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கலாம். கண்ணாடி வேலை பார்த்தவர் அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் பேடை மாட்டியிருப்பார். பவர் விண்டோ வேலை கொடுக்கும்போது, பேடை மூடும் முன் அந்த ஷீட்டை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அந்த ஈரம் வழவழப்பாக, ஒருவித இனிப்பு வாசனையோடு இருந்தால் அது தண்ணீர் இல்லை. காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரிலிருந்து கசியும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். இன்ஜின் சூடாகும் ஆபத்து உண்டு என்பதால் உடனே காட்ட வேண்டும்.

கசிவை அடைத்த பிறகு ஃபோமை உலர்த்துவது தனி வேலை. கதவைத் திறந்து வெயிலில் நிறுத்தினால் போதாது. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபோமுக்கு அடியில் காற்று போகும்படி விட வேண்டும். நாங்கள் இதைச் செய்தபோது, எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் கார் கார்பெட் மூன்று நாள் கொடியில் தொங்கியது. முதல் நாள் அதைப் பிழிந்தபோது ஒரு வாளியில் கால்வாசிக்குப் பழுப்பு நீர் வந்தது. மேலே தொட்டுப் பார்த்தபோது அது வெறும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அடுத்து, கோளாறை நீங்களே கொஞ்சம் சோதியுங்கள்

மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. "ஏசி சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு போவதற்கும், "புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது, மற்ற மூன்றிலும் ஓடவில்லை" என்று சொல்லிக்கொண்டு போவதற்கும் எஸ்டிமேட்டில் பெரிய வித்தியாசம் வரும். நாப் வைத்த சாதாரண ஏசிகளில், இரண்டாவது மாதிரி இருந்தால் அது பெரும்பாலும், காற்றை ஊதும் புளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர். கையடக்கமான, விலை குறைந்த பாகம். புளோயர் மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

கண்ணாடி இறங்கவில்லை என்றால் பட்டனை அழுத்தியபடி காதை டோர் பேடில் வையுங்கள். மோட்டார் சத்தம் வந்து கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிளோ கிளிப்போ போயிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் உறைக்குள் ஓடும் வயர் என்று இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் கதவு திறந்து மூடி அந்த வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோவது பழைய வண்டியில் சகஜம். டிரைவர் பக்கப் பட்டனில் வேலை செய்யாமல் அந்தக் கதவின் சொந்தப் பட்டனில் வேலை செய்தால், மோட்டார் மேல் குற்றமே இல்லை.

ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று கொஞ்ச நேரம் சத்தம் வந்து நின்றால், காற்றைத் திசைமாற்றும் சிறு மோட்டாரின் பல் தேய்ந்திருக்கும். ஆனால் ஏசி கேஸ் அடைத்த சில வாரத்திலேயே குளிர்ச்சி போய்விடுகிறது, வெளியே எங்கும் கசிவு தெரியவில்லை என்றால் விஷயம் பெரிது. டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் கசியலாம். பல கார்களில் டேஷ்போர்டையே இறக்கினால்தான் அதை எடுக்க முடியும். பாகத்தைவிட லேபர்தான் பயமுறுத்தும். இந்த வேலைக்கு மட்டும், கசிவைக் கருவி வைத்து உறுதி செய்து காட்டச் சொல்லாமல் டேஷ்போர்டில் கை வைக்க விடாதீர்கள். அனுபவமில்லாதவர் இறக்கி ஏற்றிய டேஷ்போர்டு பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் கடகடக்கும். அப்படி இறக்கியே ஆக வேண்டும் என்றால், ஹீட்டர் கோர், புளோயர், அந்தச் சிறு மோட்டார்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

காசு கொடுக்கும் முன், கம்பெனி கொடுக்குமா என்று பாருங்கள்

வாரண்டி முடிந்தாலும் ரீகால் முடிவதில்லை. பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தால் அந்த வேலைக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடிதம் பழைய உரிமையாளரின் விலாசத்துக்குப் போயிருக்கும். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் தொட்டது. ஏர்பேக்கை விரிய வைக்கும் இன்ஃப்ளேட்டரில் இருந்த அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்க வைத்தது. இந்தியாவில் ஹோண்டா உட்படப் பல நிறுவனங்கள் அவற்றை இலவசமாக மாற்றின. சென்னை வெயிலையும் கடல் ஈரத்தையும் தினமும் பார்க்கும் நாம் இந்த ஒரு சோதனையை விடக் கூடாது.

2021 ஏப்ரல் 1 முதல், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே நிறுவனத்துக்கு உத்தரவிட விதி இருக்கிறது. அது ஏழு வருடத்துக்குட்பட்ட வண்டிகளுக்குத்தான். அதைவிடப் பழைய வண்டியை நிறுவனம் தானாகவே அழைக்கலாம்.

ரீகால் இல்லாத இடத்தில் குட்வில் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட மாடலில் பலருக்கும் ஒரே பாகம் போனது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால், வாரண்டி முடிந்த பிறகும் பாகத்தின் விலையில் ஒரு பங்கை ஏற்பார்கள். கட்டாயம் எதுவும் இல்லை, கேட்டால்தான் கிடைக்கும். சர்வீஸ் அட்வைசரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், கோளாறு தொடங்கிய தேதி, போட்டோ, அங்கேயே தொடர்ந்து சர்வீஸ் செய்த பில்கள் எல்லாவற்றையும் இணைத்து, "ஏரியா சர்வீஸ் மேனேஜர் பார்த்து முடிவு சொல்லட்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபமாக எழுதிய கடிதத்தைவிட பில்லோடு போன கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். வாரண்டி முடிந்து சில மாதமே ஆகியிருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கும், பத்து வருட வண்டிக்குக் குறைவுதான்.

இன்சூரன்ஸ், தேய்மானத்துக்கும் பழசானதற்கும் பணம் தராது. பாகத்தின் வயதுக்காக விலையைக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் பாலிசி இருந்தாலும் அப்படித்தான். விபத்திலோ வெள்ளத்தில் மூழ்கியோ உள்பக்கம் நாசமானால், நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியில் கேட்கலாம். ஜீரோ டெப் இல்லாதவர்களுக்கு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எஸ்டிமேட்டைப் படிக்கும் விதம்

வாய்ச்சொல்லாகத் தொகை கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பார்ட் நம்பர், பாகத்தின் விலை, லேபர், வரி நான்கும் தனித்தனியாக எழுதியதை வாங்குங்கள். பார்ட் நம்பர் கையில் இருந்தால் பூடுமோ மாதிரியான உதிரி பாகத் தளங்களிலும் வெளிக் கடைகளிலும் அதே பாகத்தின் விலையை ஐந்து நிமிடத்தில் ஒப்பிட முடியும். இந்த அசம்பிளிக்குள் இருக்கும் சின்ன பாகம் தனியாக வருமா என்றும் கேளுங்கள். சில நேரம் வரும், கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு பேசாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

"இப்போதைக்கு யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வருவதில் வெட்கமே வேண்டாம். தண்ணீரும் உயிரும் சம்பந்தப்படாத எந்த வேலையும் ஒரு வாரம் காத்திருக்கும்.

வெளியே எங்கே, யாரிடம்

சென்னையில் பழைய உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை, புது ஆக்சஸரி, சீட் கவர் வேலைக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மற்ற ஊர்களிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், சீட் கவர் தைப்பவர் மூன்று பேரும் மூன்று தனித் தொழில்காரர்கள். ஒருவரிடமே எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம்.

டோர் பேட், கைப்பிடி, குளோவ் பாக்ஸ், ஏசி வென்ட், டிரிம் இவற்றை உடைத்த வண்டியிலிருந்து எடுத்ததாகவே தாராளமாக வாங்கலாம். கம்பெனியில் புதிதாக விற்பதை நிறுத்திய பாகம்கூட அங்கே கிடைக்கும். போகும்போது பழைய பாகத்தையே கையில் கொண்டு போங்கள். ஒரே மாடலில் ஃபேஸ்லிஃப்ட் எனும் தோற்ற மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கனெக்டரின் பின் எண்ணிக்கை மாறும், பழுப்பு நிறத்திலேயே இரண்டு மூன்று வகை இருக்கும். நிறத்தை வெளியே வெயிலில் கொண்டு வந்து ஒப்பிடுங்கள். கடைக்குள் டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டு வாசலில் வேறாகத் தெரியும்.

தொங்கும் கூரை, ஒட்டும் பட்டன்

கூரைத்துணிக்கும் மேலே இருக்கும் அட்டைக்கும் நடுவே மெல்லிய ஃபோம் ஒன்று இருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது பொடிப்பொடியாக உதிர்வதால்தான் துணி தொங்குகிறது. ஸ்பிரே பசை அடித்து மேலே ஒட்டினால் உதிரும் பொடியின் மேல்தான் பசை பிடிக்கும், இரண்டு மாதத்தில் திரும்பத் தொங்கும். குண்டூசி குத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். சரியான வழி, அட்டையைக் கழற்றி வெளியே எடுத்து, பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டி, ஃபோம் ஒட்டிய புதுத் துணியைப் போடுவது. சீட் கவர் கடைக்காரர்களே செய்வார்கள். அட்டையை எடுக்கும்போது மடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதில் மடிப்பு விழுந்தால் போகாது. கூரையோரத்தில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார் என்றால் அந்த வேலை தெரிந்த இடத்தில் மட்டும் கொடுங்கள்.

பட்டன்களும் கைப்பிடியும் பிசுபிசுவென்று ஒட்டுவது அழுக்கால் இல்லை. மென்மையாக இருக்கட்டும் என்று பூசிய மேல்பூச்சு சிதைகிறது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, பொறுமையாகத் தேய்த்தால் பூச்சு உருண்டு உருண்டு வந்து, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தெரியும். கண்ணில் படாத ஓரத்தில் முதலில் சோதியுங்கள், பட்டனில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போகலாம். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

விரிசல் விட்ட டேஷ்போர்டை மாற்றுவது பெரும்பாலும் செலவுக்குத் தகாது. அதற்கு மேல் கவர் போடுவதாக இருந்தால், பயணிப் பக்க ஏர்பேக் விரியும் இடத்தை மூடாத கவராகப் பாருங்கள்.

எவ்வளவு வரை செலவு செய்யலாம்

தனியார் காரின் பதிவு 15 வருடம் வரை. அதற்கப்புறம் தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்குப் பதினான்கு வயது என்றால், பெரிய செலவுக்கு முன் புதுப்பிக்கப் போகிறீர்களா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இன்ஜினும் பாடியும் திடமாக இருந்தால், வண்டியின் சந்தை விலையில் பத்தில் ஒரு பங்கு வரை உள்பக்கத்துக்குச் செலவழிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. இது என் கணக்கு. தினமும் வயதான பெற்றோரை ஏற்றிப் போகும் வண்டிக்கு அதற்கு மேலும் செய்வேன்.

செய்த வேலை சரியில்லை என்றால்

முதலில் அதே இடத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும். 850 ரூபாய் வேலைக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது தேதி போட்டு வாங்குங்கள்.

வண்டியை எடுக்கப் போகும் நாளில் பகல் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கி, எல்லாக் கதவையும் உள்ளிருந்து திறந்து, ஹாரன் அடித்து, புளோயரின் ஒவ்வொரு ஸ்பீடையும் போட்டுப் பார்த்து, சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து பிறகு அணைகிறதா என்று கவனியுங்கள். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அதுவும் ஆபத்துதான். கிளம்பும் முன் கால்மிதியைத் தூக்கி கார்பெட்டை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.